எட்டுவகைப் பிழையளவைகளும் ஓர் எஸ்எஸ்டியும்

அளவை என்றால் நமக்குப் படி, மரக்கால், முழம். தருக்க நூலாருக்கோ, ஒன்றை எவ்வழியில் அறிந்தாய் என்பதற்குப் பெயர் அளவை. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரத்தில் முதலில் பேசும் அளவைவாதி 10 அளவைகளைச் சொல்லிவிட்டு, அளவைபோல் வேடம் போட்டு வரும் போலிகள் 8 என்றும் கணக்குக் கொடுக்கிறார். எஸ்எஸ்டியின் வேகத்தை அளந்து வாருங்கள் என்று மாணவர்களை அனுப்பிவிட்டு, அவர்கள் கொண்டுவரும் ரெக்கார்ட் நோட்டுகளைத் திருத்தி வயிறு வளர்ப்பவன் நான். அந்த எட்டையும் அவர் எங்கள் லேபில் உட்கார்ந்துதான் எழுதியிருக்க வேண்டும்.

முதலாவது சுட்டுணர்வு. ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் தெரிவது. நோட்டில் ‘வேகம் = 520’ என்றிருக்கும். வாசித்ததா, எழுதியதா, வரிசையாகவா, தாறுமாறாகவா, ஒரு தடவைக்கு 4 கேபியா, 1 எம்பியா? மூச்சு இல்லை. சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போகலாம்.

ஐயம் என்பது தூரத்தில் நிற்பது கட்டையா ஆளா என்று திகைப்பது. அட்டைப்பெட்டியில் 500 ஜிபி, விண்டோஸில் 465. ஆயிரத்தால் பெருக்கியவருக்கும் 1024-ஆல் வகுத்தவருக்கும் இடையே பாவம் கடைக்காரர் திருடனாகிறார். ஆனாலும் ஐயத்தைப் போலிகளோடு சேர்த்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஐயப்படும் பிள்ளைக்கு நான் மார்க் போடுகிறேன்.

நின்று பேச வேண்டியது திரியக்கோடல். கிளிஞ்சல் ஓட்டை வெள்ளியாக எடுத்துக்கொள்வது. மாணவர் டிடி கட்டளையால் 1 ஜிபி பூஜ்ஜியங்களை எழுதுகிறார். திரை நொடிக்கு 2.1 ஜிபி என்கிறது. வட்டோ சாட்டா வகை. அந்த இணைப்பே நொடிக்கு 6 கிகாபிட்தான், குறியாக்கச் சுமை போக 600 எம்பி. அண்டா, வீட்டு வாசலைவிட அகலமாக வெளியே வந்திருக்கிறது. நடந்தது இதுதான்: லினக்ஸ் அந்தத் தரவை ராமில் வாங்கி வைத்துக்கொண்டு ‘ஆச்சு’ என்று சொல்லிவிட்டது. தபால்பெட்டியில் போட்டதும் கடிதம் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக எண்ணுவதற்கு இது ஒப்பு. நேரடி எழுத்து என்ற தெரிவைப் போட்டால், அல்லது முடிவில் வட்டுவரை தள்ளிவிட்டுத்தான் கடிகாரத்தை நிறுத்துவேன் என்று அடம்பிடித்தால், வெள்ளி மறுபடி கிளிஞ்சலாகும்.

இதன் உட்பிரிவு, வாயிலைப் பொருளாகத் திரியக்கொள்வது. மூன்று கம்பெனி எஸ்எஸ்டிகளைப் பழைய யூஎஸ்பி 2.0 துளையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகி, மூன்றும் நொடிக்கு 40 எம்பியைத் தாண்டாததைக் கண்டு, ‘எல்லாக் கம்பெனியும் ஒரே தரம்’ என்று முடிவெழுதிய குழு உண்டு. எஸ்எல்சி கேஷை இங்கே சேர்ப்பதா என்பதில் உரையாசிரியர்களுக்குள், அதாவது எனக்கும் லேப் அசிஸ்டென்ட் அண்ணனுக்கும், வழக்கு. மூன்று, நான்கு பிட் வைக்க வேண்டிய செல்லில் முதலில் ஒரு பிட்டை மட்டும் வைத்து வட்டு பாய்ச்சல் காட்டும். பெண் பார்க்க வருகிற நாளில் கூடம் பெருக்கியிருப்பதைப் போல. ‘அதுவும் வட்டுக்குள்ளேதானே சார் இருக்கு?’ என்பார் அண்ணன். இருக்கிறது. ஆனால் அது ஒருநாள் கூடம்.

இந்த வகைக்கெல்லாம் நான் வைத்திருக்கும் மருந்து ஒரே கேள்வி: வட்டைக் கழற்றி எறிந்தாலும் இந்த எண் வருமா? அதே சோதனையை ராமிலேயே குடியிருக்கும் தற்காலிகக் கோப்பகத்தில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றானால், நீ வட்டைத் தொடவே இல்லை.

அடுத்தது எய்தும் இல்வழக்கு. முயல்கொம்பு. புது வட்டில் நேராக வாசிப்புச் சோதனை ஓட்டினால் மயங்கவைக்கும் வேகம் வரும். எழுதப்படாத முகவரிக்குக் கட்டுப்படுத்தியின் வரைபடத்தில் இடமே இல்லை. ஆகவே அது ஃபிளாஷ் சில்லுவரை நடப்பதில்லை, வாசலிலேயே பூஜ்ஜியத்தை அள்ளிக் கொடுத்து அனுப்பிவிடுகிறது. முயல்கொம்பின் நீளத்தை மூன்று தசமத் திருத்தத்தோடு எழுதிவருகிறார்கள். முதலில் வட்டை நிரப்ப வேண்டும், அதுவும் குலுக்கல் தரவால். பூஜ்ஜியமாகக் கொடுத்தால் சுருக்கி விழுங்கிவிடும் கட்டுப்படுத்திகளும் உண்டு.

கண்டுணராமை எல்லாவற்றிலும் பரிதாபமானது. எதிரே புலி வருகிறது, கண்ணும் திறந்திருக்கிறது, தெரியவில்லை. லினக்ஸின் வட்டுப் பகுதியைப் பராமரிக்கும் யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய எஃப்ஐஓ என்ற கருவியில், வரிசை ஆழம் 32 என்று கொடுக்கிறார் மாணவர். அந்தக் கருவி வேறு சொல்லாதவரை பயன்படுத்தும் வழக்கமான இயந்திரமோ ஒரு வேலை முடிந்தபின்தான் அடுத்ததை எடுக்கும். வேலைக்கு 80 மைக்ரோநொடி என்றால் நொடிக்கு 12,500 வேலைதான். ஆழம் உண்மையிலேயே 32-ஆகி, தாமதமும் கூடாமலிருந்தால் 4 லட்சம் வந்திருக்கும். ‘ஆழம் 1: 100%’ என்று கருவியே அறிக்கையில் அச்சடித்துத் தருகிறது. அந்த வரியையும் அழகாகப் பார்த்து நோட்டில் எழுதியிருக்கிறார்!

இன்னொருவர் வரைபடத்தில் எழுத்துவேகம் 40-ஆவது நொடியில் கிணற்றில் விழுகிறது. கேஷ் தீர்ந்திருக்கலாம், சூடேறியிருக்கலாம், குப்பை பெருக்கத் தொடங்கியிருக்கலாம்: ஃபிளாஷில் பக்கம் பக்கமாக எழுதலாம், அழிப்பது மட்டும் பல நூறு பக்கம் சேர்ந்த தொகுதியாகத்தான்; ஆகவே உயிருள்ள பக்கங்களை முதலில் வேறிடத்துக்குக் குடிமாற்ற வேண்டும். சோதனையில் கண்ட ஒரே செய்தி அந்தக் கிணறுதான். அவர் ஸ்கேல் வைத்துச் சராசரிக் கோடு இழுத்து அதை மூடிவிட்டார்.

ஒருமுறை ஓட்டி முடிவு சொல்வது தேராது தெளிதல். ஹார்ட் டிஸ்கைவிட எஸ்எஸ்டி வேகம் என்று நிறுவுவது உணர்ந்ததை உணர்தல்: நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டு அரைச்சுற்றுக்கே 4.17 மில்லிநொடி எடுக்கும், இதற்கு லேப் எதற்கு? கடைசியாக நினைப்பு. இவர்தான் உன் தாய், இவர்தான் உன் தந்தை என்று பிறர் சொன்னதை நம்புவதை அதற்கு உதாரணமாகக் காட்டுகிறது காப்பியம். ஒரே செக்‌ஷனில் 9 நோட்டுகளில் 523.7 என்று வருகிறது. அந்த எண்ணுக்குத் தாய் தந்தை யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

எட்டையும் தப்பிய மெய்யளவை ஒன்று உண்டு. எஸ்என்ஐஏ என்ற சேமிப்புத் தொழில்துறைச் சங்கம் அதற்கு நெறி வகுத்திருக்கிறது: வட்டைத் துடை, கொள்ளளவுபோல் 2 மடங்கு எழுது, பிறகு சுற்றுச் சுற்றாக அள, தொடர்ந்து 5 சுற்றில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி சராசரியின் 20 சதவீதத்துக்குள்ளும், சரிவு 10 சதவீதத்துக்குள்ளும் அடங்கினால் மட்டும் நம்பு. குறை சொல்ல இடமில்லை. ஆனால் 500 ஜிபி வட்டில் 2 மடங்கு என்பது 1 டெராபைட். கேஷ் தீர்ந்த மலிவு வட்டு நொடிக்கு 100 எம்பி எழுதினால், ஆயத்தத்துக்கே 2 மணி 46 நிமிடம். எங்கள் லேப் மூன்று பீரியட், 2 மணி 30 நிமிடம். இன்னொன்று: அந்த அளவு வட்டு பலவற்றுக்கு உத்தரவாதம் 300 டெராபைட் எழுத்துவரைதான். செக்‌ஷனுக்கு 60 பேர், 5 செக்‌ஷன். எல்லோரும் ஒருமுறை சரியாக அளந்தால் உத்தரவாதம் முடிந்தது.

எனவே பழைய 120 ஜிபி வட்டுகளைத் தேடிப்பிடித்தேன். நொடிக்கு 400 எம்பியில் 240 ஜிபி, 10 நிமிடம். அதிலும் போன செமஸ்டரில் ஒரு பெண்ணுக்கு நேரம் போதவில்லை. இரண்டே சுற்று ஓடியிருந்தது. எண் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டு, ‘இன்னும் நிலைக்கு வரவில்லை, இறங்கிக்கொண்டே இருக்கிறது’ என்று பென்சிலால் எழுதியிருந்தாள். 10-க்கு 9 போட்டேன். வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல், ரீடிங் இல்லை என்று 4 ஆக்கினார்.