நவம்பர் 1

புதுச்சேரிக்கு நவம்பர் 1 விடுதலை நாள். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது அன்றுதான். 1994 முதல் அதே தேதி உலக வீகன் நாளும் ஆகிவிட்டது. ஆக, வெள்ளைக்காரனிடமிருந்து நமக்கும், நம்மிடமிருந்து மாட்டுக்கும் ஒரே நாளில் விடுதலை.

மாட்டின் விடுதலைக்கு ஒயிட் டவுன் பக்கம் விலை அதிகம். பாதாம் பால், டோஃபு, அவகாடோ என்று வாங்கிக் குவித்து, சுலபமான வீகன் சமையலைக் கஷ்டப்பட்டுக் கற்கிறார்கள். குபேர் அங்காடியில் ஒரு தேங்காய், முருங்கைக்கீரை ஒரு கட்டு, கொஞ்சம் பூண்டு, புளி வாங்கினால் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால், சோற்றுக்குப் பூண்டுக் குழம்பு, தொட்டுக்கொள்ளக் கீரைப் பொரியல். பாட்டிகள் இதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால்தானே விலை வைக்க முடியும்!

அதற்காகப் பாட்டியை இயக்கத்தில் சேர்த்துவிடாதீர்கள். பருப்புக்கு நெய் விடாத வீட்டில் அவர் கை நனைக்க மாட்டார். கருவாட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

நெய்யை விடலாம், ரசத்தோடு எழுந்தால் மோரையும் விடலாம். சிக்கல் காலைக் காப்பியில்தான். ஓட்ஸ் பால் ஊற்றி ஒருமுறை குடித்துப் பாருங்கள். மறுநாளே வெல்லம் போட்ட கடுங்காப்பிக்கு வந்துவிடுவீர்கள்.