மிதந்த மலை

"சார், இது பாறை மீன். பாறை வைக்கலேன்னா ஒண்ணையொண்ணு கடிச்சுக்கும்." மஞ்சளும் நீலமுமாக ஆறு சிக்லிட்களைப் பாலிதீன் பையில் போட்டு, காசையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் கொளத்தூர் கடைக்காரர் இதைச் சொன்னார். ஆப்பிரிக்காவில் மலாவி ஏரியின் பாறை இடுக்குகளில் குடியிருக்கிற ஜாதி. அந்தப் பக்கத்து மொழியில் 'இம்புனா' என்றாலே பாறை மீன்தான். அம்பத்தூரில் என் வீட்டில் மூன்றடித் தொட்டி இருந்தது. அதன் பின்கண்ணாடி வழியே தெரிந்தது சுவிட்ச் போர்டும் மழை ஒழுகிய கறையும்.

"கல்லுக்கா பஞ்சம்? தெருவுல போய்ப் பொறுக்கிட்டு வாடா" என்றாள் அம்மா.

பாவம், அம்மாவுக்குக் கணக்கு தெரியாது. பின்கண்ணாடியை மறைக்க மூன்றடி நீளம், ஒன்றரை அடி உயரம், இரண்டு அங்குலக் கனத்துக்குக் கருங்கல் என்றால் 50 கிலோவைத் தாண்டும். கண்ணாடி என்னாவது? விவரமானவர்கள் தெர்மாகோலைச் செதுக்கி, மேலே சிமென்ட் பூசிப் பாறையாக்குவார்கள். நானும் விவரமானவன் ஆனேன்.

தெர்மாகோலில் 98 சதவீதம் காற்றுதான். மிச்சம் 2 சதவீதம் எங்கள் வீட்டு ரசத்தில் கிடந்தது. ரொட்டிக் கத்தியால் ஓர் இழுப்பு இழுத்தால் நூறு வெள்ளை மணி பறக்கும். துடைப்பத்தைக் கண்டதும் நகர்ந்து போய், துடைப்பத்திலேயே ஒட்டிக்கொள்ளும். என் மனைவி மூன்று நாள் பேசவில்லை. பேசினால் வாய்க்குள் போய்விடுமாம்.

சாம்பல் நிற ஸ்ப்ரே பெயின்ட் அடித்துப் பார்த்ததில் முதல் துண்டு கண்ணெதிரே கரைந்து குழிவிழுந்தது. உண்மையைச் சொன்னால், நான் செய்ததிலேயே பாறை மாதிரி இருந்தது அது ஒன்றுதான். ஆனால் அதற்குள் பாதி காணாமல் போயிருந்தது.

பிறகு சிமென்ட். முதல் பூச்சு மோர் பதம், இரண்டாவது தோசை மாவுப் பதம், மூன்றாவது இட்லி மாவு. நிறத்துக்குக் கொஞ்சம் ரெட் ஆக்சைடு கலந்தேன். காய்ந்ததும் மொட்டை மாடிக்கு வந்து பார்த்த அம்மா, "யாருடா இவ்வளவு பெரிய அடையைத் தீய விட்டது?" என்று கேட்டாள்.

அடிக்கு ஒன்றாக மூன்று துண்டு. ராத்திரி சிலிகான் வைத்துத் தொட்டிக்குள் ஒட்டினேன். வீடு முழுக்க வினிகர் நெடி. அது காய ஒன்றிரண்டு நாளாவது விட வேண்டும். நான் விட்டது ஒரு ராத்திரி. காலையில் தண்ணீர் நிரப்பினேன். ஓரத்து இரண்டும் மேல் விளிம்புக் கண்ணாடிப் பட்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டு நின்றன. நடுத்துண்டு ஒரு முறை முனகியது. பிறகு மலை எழுந்தது. பாதி தண்ணீரைத் தரைக்குத் தள்ளிவிட்டு நிதானமாக மிதந்தது.

மனைவி ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்: "வைகை."

2017-ல் தண்ணீர் ஆவியாகாமலிருக்க வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டபோது விழுந்து விழுந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

மறுபடி ஒட்டி இரண்டு நாள் காயவிட்டேன். ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. ஆர்க்கிமிடீஸ் குளியலறையில் உட்கார்ந்து யோசித்தாராம். எங்கள் குளியலறையில் பிளாஸ்டிக் தொட்டியில் ஆறு மீன்கள் இருந்ததால் நான் கூடத்தில் யோசித்தேன். நடுத்துண்டின் அளவு ஏழு லிட்டர். தன் எடை, சிமென்ட் எடை போக ஆறு கிலோ விசையோடு மேலே கிளம்பத் துடிக்கிறது. அதை அமுக்க ஒரு கனம் வேண்டும். கொல்லையில், கிரைண்டர் வந்த நாளிலிருந்து சும்மா கிடந்த ஆட்டுக்கல் குழவி பத்து கிலோ. தண்ணீருக்குள் நாலு கிலோ குறைந்தாலும் மீதி ஆறு. கச்சிதம்! பாறையின் அடியில் படி மாதிரி செதுக்கி வைத்திருந்த இடத்தில் குழவியை நிறுத்தினேன். "முப்பது வருஷம் அரைச்ச கல்லுடா" என்று மட்டும் சொன்னாள் அம்மா.

அதோடு முடியவில்லை. புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கும், தண்ணீரின் காரத்தன்மை ஏறும், மீன் செத்துப்போகும். மலாவி மீனுக்கு 8.5 பிஎச் வரை பிடிக்கும் என்பதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரிலா விட முடியும்? மூன்று நாளுக்கு ஒரு தரம் 150 லிட்டரை மாற்றி, சோதனைச் சொட்டு விட்டு நிறம் பார்த்து, மூன்று வாரம் ஓட்டினேன். "துணி துவைக்கத் தண்ணி இல்ல, கல்லுக்குத் தினம் அபிஷேகம்" என்றாள் மனைவி. நாங்களோ அந்த ஆறு மீன்களின் பார்வையிலேயே குளித்துக்கொண்டிருந்தோம்.

ஒருவழியாக மீன்களை விட்டேன். பார்த்துப் பார்த்துக் குடைந்த ஏழு குகைகளில் ஒன்றைக்கூட அவை சீண்டவில்லை. ஆறும் குழவிக்குப் பின்னால் போய் அடைந்துகொண்டன.

போன ஞாயிறு ஆபீஸ் நண்பர் வந்தார். தொட்டிக்கு முன்னால் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"பிரமாதம் சார்! நிஜப் பாறையேதான். நடுவுல உருண்டையா நிக்குதே, அது ஒண்ணு மட்டும் தெர்மாகோல்னு பாத்ததும் தெரிஞ்சுடுது."

அவருக்குக் காபி கொண்டுவந்த அம்மா, டம்ளரோடு அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள்.