மரை கழண்ட கதை

எங்கள் வீட்டில் ஏழு சைக்கிள் இருக்கிறது. சமீபம்வரை ஓடியது ஒன்றுதான். அது மகள் பள்ளிக்கூடம் போய்வரக் கடையில் புதிதாக வாங்கியது. மற்ற ஆறும் என்னுடையவை. அந்த ஆறுக்கும் சேர்த்து ஒன்பது சக்கரம். கணக்கு இடிக்கிறதே என்று நினைப்பவர்களுக்குப் பழைய சைக்கிள் வாங்கிப் பழக்கமில்லை என்று பொருள். ஒரு பழைய சைக்கிளைச் சரியாக்க அதே கம்பெனியில் இன்னொன்று வேண்டும். வாங்கி வந்த இன்னொன்றைப் பிரிக்க மனசு வராது. அதையும் சரியாக்கிவிடலாம் என்று தோன்றும். அதற்கு மூன்றாவது. இப்படித்தான் கார் ஷெட் நிறைந்தது. எங்களுக்குக் கார் கிடையாது என்பதால் இது ஒரு பிரச்சினையாகப் படவில்லை, எனக்கு.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஷெட்டை எட்டிப் பார்த்து என்ன இது என்று கேட்டால், மனைவி ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறாள். "அது அவியளுக்க தர்மாஸ்பத்திரி. உள்ள போனது ஒண்ணும் உயிரோட வெளிய வந்தது கிடையாது."

உப்பு விற்கப் போனால் மழை பெய்யும், மாவு விற்கப் போனால் காற்றடிக்கும் என்பார்கள். பூவாரில் பழைய இரும்பை நேசிப்பவனுக்கு உப்பும் காற்றும் சேர்ந்தே வரும். அகஸ்தியமலைப் பக்கம் புறப்படுகிற நெய்யாறு எங்கள் ஊரில்தான் கடலில் சேர்கிறது. ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்துப் படகில் போகிறார்கள். அவர்கள் எடுக்கிற போட்டோவில் அந்தக் காற்று மட்டும் விழுவதில்லை. சாயங்காலம் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்த ஹேண்டில்பார், காலையில் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி நிற்கும். கேட்டின் கீல், கிணற்று ராட்டினம், ஜன்னல் கம்பி என்று ஊரில் எல்லாமே துருப்பிடிக்கிறது. அதற்கு நடுவில் துருவை எதிர்த்துப் போராட ஒருவன் புறப்பட்டால் அவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசிக்கு முந்தி வந்த சைக்கிளை நான் தேடிப் போகவில்லை. என்னிடமிருந்த ஹெர்குலிசுக்கு ஒரு செயின் கவர் கிடைக்குமா என்றுதான் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஓர் ஆக்ரிக்கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போனேன். முன்பெல்லாம் ஆக்ரிக்கடையில் சைக்கிளைத் தூக்கித் தராசில் வைப்பார்கள். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் விலை. 20 கிலோ என்றால் 20 கிலோ இரும்பு. அது எந்த வருஷத்து இரும்பு என்று யாரும் கேட்டதில்லை. இப்போது கடைக்காரர் கையில் போன் இருக்கிறது.

"இது ஆன்டிக்காணு சாரே" என்று ஆரம்பித்தார். லண்டனில் யாரோ விற்கப் போட்டிருந்த ஒரு சைக்கிளின் படத்தைக் காட்டினார். கீழே பவுண்டில் விலை. அதை ரூபாயாக்கி, எனக்காக மனமிரங்கிக் குறைத்து, 4,000 என்றார்.

"அது ஏதோ பங்களா வரவேற்பறையில நிக்குது. இது உடைஞ்ச பிரிட்ஜுக்கு அடியில கிடக்குது" என்றேன்.

"பிரிட்ஜ் ஞான் மாற்றித் தராம்."

மாற்றித் தந்தார். முன்சக்கரம் இல்லை. சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாக்கு சுற்றியிருந்தது. பின்னால் ஒரு கட்டிலையே ஏற்றலாம் போன்ற கேரியர். எல்லாவற்றையும் மூடிக்கொண்டு மீன் நாற்றம். எத்தனையோ வருஷம் மீன்பெட்டி சுமந்த வண்டி என்பது பார்க்காமலே தெரிந்தது. 2,500 வரை அவரே இறங்கி வந்துவிட்டார். எனக்கும் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தது. போகிற போக்கில், ஸ்கூட்டர் சாவியால் பல்சக்கரத்தைச் சும்மா சுரண்டினேன். கிரீஸும் மண்ணும் மீன்செதிலும் சேர்ந்து தார் மாதிரி உறைந்திருந்தது. முதலில் ஒரு வளைந்த கழுத்து வந்தது. பிறகு நீண்ட அலகு. கொக்கு! இன்னும் சுரண்டினால் இன்னொன்று. மொத்தம் மூன்று.

என் முகம் மாறியதைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். பேரத்தில் இதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது. 2,500 மறுபடி 3,000 ஆனது. 2,800-க்கு முடித்தோம்.

கொக்கு இருந்தால் ராலி. இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில் ராலி என்ற தெருவில் சின்னப் பட்டறையாக இருந்தது. தெருவின் பெயரே கம்பெனிக்கு நிலைத்துவிட்டது. நம் பக்கத்தில் என்றால் உச்சக்கடையில் ஆரம்பித்ததால் 'உச்சக்கடை சைக்கிள்' என்று வைத்த மாதிரி. கம்பெனி பிறந்த வருஷமாக 1887-ஐச் சொல்வார்கள். அதை வளர்த்த பிராங்க் பௌடன் என்பவர் உடம்புக்கு முடியாமல் இருந்தவர். சைக்கிள் மிதித்தால் தேறுவாய் என்று டாக்டர் சொல்ல, மிதித்தார், தேறினார், அந்தக் கம்பெனியையே வாங்கிப் போட்டார். டாக்டர் சொல்லை அளவுக்கு மீறிக் கேட்ட நோயாளி. அவருடைய குடும்பச் சின்னத்திலிருந்துதான் கொக்கு சைக்கிளில் வந்து உட்கார்ந்தது. முன்பக்கத் தகட்டில் ஒன்று, பல்சக்கரத்தில் மூன்று. மீன்காரரின் வண்டியில் இத்தனை வருஷமாக நாலு கொக்கு இருந்திருக்கிறது. பாவம், மீன் பின்னால் இருந்தது. தகட்டுக் கொக்கோ முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறது.

எங்கள் பாட்டா காலத்தில் சைக்கிளுக்கும் கட்சி உண்டு. 1949-ல் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்துக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து மெட்ராஸில் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள், ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அம்பத்தூரிலிருந்து வந்தன. ராலியை வங்காளத்து அசன்சாலில் சென்-ராலி என்று செய்தார்கள். சோனிபட்டில் 1951-ல் பிறந்தது அட்லஸ். ஹெர்குலிஸ்காரர் ராலிக்காரரை மதிக்க மாட்டார். இருவரும் சேர்ந்து அட்லஸ்காரரை மதிக்க மாட்டார்கள். அந்த அட்லஸ் தன் கடைசித் தொழிற்சாலையை 2020 ஜூன் 3-ம் தேதி மூடியது. அன்றைக்கு உலக சைக்கிள் தினம். பாட்டா இருந்திருந்தால் அவர்கூடச் சிரித்திருக்க மாட்டார்.

என் வண்டியின் தகட்டில் நாட்டிங்காம் என்று இருந்தது. கப்பலில் வந்த சரக்கு. ஆட்டோவில் ஏற்றி வீட்டில் இறக்கினேன்.

"இந்தச் சவத்தை எதுக்கு எடுத்துட்டு வந்திய?"

"ராலியாக்கும். நாட்டிங்காம்."

"நாட்டிங்காமா, நாத்தங்காமா?"

அன்று ராத்திரி ஷெட் வாசலில் மூன்று பூனை. மறுநாள் ஐந்து. நான் பைப்பைத் திறந்து கழுவக் கழுவ, அவை அந்தத் தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் நக்கிக்கொண்டே போயின. சோப்பு, மண்ணெண்ணெய், சாம்பல் எதற்கும் நாற்றம் மசியவில்லை. பிறகுதான் மண்டையில் உறைத்தது. மீன் கவிச்சியை அடக்குவது புளிப்பு. நம் ஆட்கள் மீன்குழம்பில் புளி ஊற்றுவது ருசிக்கு மட்டுமா? கிணற்றடியில் எங்களுக்குப் புளிஞ்சிக்காய் மரம் ஒன்று உண்டு. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்த்துத் தொங்கும், கடித்தால் கண் மூடிக்கொள்ளும். அதில் இருக்கிற ஆக்சாலிக் அமிலம் துருவையும் கரைக்கும். ஒரே காயில் இரண்டு வைத்தியம்.

இரண்டு வாளி பறித்து அரைத்து, வண்டி முழுக்க அப்பி, ஈரச்சாக்கு சுற்றி ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் தேங்காய் நாரால் தேய்த்தபோது ரிம்மிலிருந்து காவி நிறத்தில் வழிந்து, அடியில் வெள்ளி தெரிந்தது. ஒரு சாண் நீளத்துக்கு. அந்த ஒரு சாணைப் பார்த்துக்கொண்டு நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்ததாக மகள் சொல்கிறாள். அந்த நேரத்தில் மனைவி அயிலையைக் கழுவி வைத்துவிட்டு மரத்தடிக்குப் போயிருக்கிறாள். மரத்தில் ஒரு காய் இல்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் அயிலைக் குழம்பு தக்காளி போட்டு வந்தது. யாரும் பேசாமல் சாப்பிட்டோம்.

அடுத்தது கோட்டர் பின். மிதிக்கிற கிராங்கை அச்சோடு இறுக்கிப் பிடித்திருக்கிற, சுண்டுவிரல் நீள ஆப்பு. நட்டைக் கழற்றிவிட்டு அடித்தால் வெளியே வரவேண்டும். வரவில்லை. மூன்று நாள் மண்ணெண்ணெய் ஊற்றினேன். நாலாம் நாள் மாமனார் வந்தார், பார்த்தார், சுத்தியலை வாங்கி ஒரே அடி. பின்னின் தலை பறந்து மாட்டுத்தொழுவத்துக்குள் போனது. உடம்பு அங்கேயே இருந்தது. "இனி எளுப்பமா வரும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். துளைபோட்டு எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகத் தேவைப்பட்டது.

உள்ளே, அச்சு சுழல்கிற கப் இரண்டில் ஒன்று வெடித்திருந்தது. கப் என்ன பெரிய காரியம் என்று களியக்காவிளைக்குப் போனேன். அங்கே சாலையோரமாக, ஓவராயில் செய்வதையே ஆயுள் முழுக்கச் செய்த ஓர் அண்ணாச்சி இருக்கிறார். புது கப்பை எடுத்து வைத்து விரலால் திருகினார். ஒன்றரைச் சுற்று போனது. நின்றது.

"தம்பி, இது ராலியா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்ப கேறாது. இதுக்க மரை வேற."

விஷயம் இதுதான். மற்ற கம்பெனிகள் பலவும் இந்தக் கப்புக்கு ஓர் அங்குலத்துக்கு 24 மரை போட்டன. அது துப்பாக்கிக் கம்பெனியான பி.எஸ்.ஏ. வைத்த அளவு. ராலி 26 போட்டது. ஒரு மரைக்கும் இன்னொரு மரைக்கும் உள்ள இடைவெளியில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒன்றரைச் சுற்றுக்கு மேல் சம்மதிக்காது. 1960-ல் ராலியும் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இங்கிலாந்தில் ஒரே முதலாளியிடம் வந்து சேர்ந்தன. அப்போதும் மரைகள் சேரவில்லை.

இதை எங்கள் ஊர்க்காரனுக்கு விளக்க வேண்டியதே இல்லை. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கல்யாணச் சாப்பாட்டில் இரண்டும். அந்தப் பக்கத்து மாமாவும் இந்தப் பக்கத்து மாமாவும் பார்க்க ஒரே ஆள்தான். அரசாங்க பாரம் ஒன்றை நிரப்ப உட்கார்ந்தால்தான், ஒன்றரைச் சுற்றில் நிற்கிற இடம் தெரியும்.

மார்த்தாண்டம் போனேன். நாகர்கோவில் போனேன். திரும்பி வந்து திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் தேடினேன். எல்லோரும் 24-ஐ எடுத்து வைத்து ஒன்றரைச் சுற்று திருகிக் காட்டினார்கள். "உங்களுக்குத்தான் மரை கழண்டிருக்கு" என்றாள் மனைவி. "எந்த மரை? இருபத்திநாலா, இருபத்தியாறா?" என்று கேட்டேன். அந்த வாரம் வீட்டில் காப்பி கொஞ்சம் தாமதமாகவே கிடைத்தது.

கடைசியில் பாலராமபுரத்தில் கிடைத்தது. பாலராமவர்மா மகாராஜா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய நெசவாளர்களின் தெருவில், ஒரு வீட்டுத் திண்ணைக்குப் பின்னால், நூல் கழி உலர்த்தும் மூங்கிலுக்கு முட்டுக்கொடுத்து நின்றது ஒரு ராலி. அதே நாட்டிங்காம். "கப் மட்டும் தாங்க பாட்டி" என்றேன். பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாட்டுல பல்லு மட்டும் வாங்குவியளா? எடுத்தா முழுசா எடு. மூங்கிலுக்கு வேற முட்டும் குடுத்துட்டுப் போ."

ஏழாவது சைக்கிள் வீட்டுக்கு வந்த விதம் இது. முட்டுக்குச் சவுக்குக் கம்பு வாங்கிய 120 ரூபாய் தனி.

கப் ஏறியது. ஒன்றரைச் சுற்றைத் தாண்டி, இரண்டு, மூன்று என்று சத்தமில்லாமல் உள்ளே போனபோது எனக்குப் புல்லரித்தது. பால்ரஸ் புதிது, செயின் புதிது, இல்லாத முன்சக்கரமும் சீட்டும் மாட்டியாயிற்று, சக்கரம் கோட்டம் எடுத்தாயிற்று, கறுப்புப் பெயின்ட் மூன்று கோட்டு. மொத்தச் செலவு 11,340 ரூபாய். வீட்டில் சொன்னது 3,000. பின் மட்கார்டில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அங்கே அடிப்பக்கம் ஒரு தகரப் பட்டையை ரிவெட் அடித்துப் பதித்திருந்தார்கள். ஏதோ ஆங்கில எழுத்தின் நிழல்கூட லேசாகத் தெரிந்தது. வெள்ளைக்காரனின் தொழில்நேர்த்தி என்று பார்க்க வந்த நாலு பேருக்கு டார்ச் அடித்துக் காட்டியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் எம்.எய்ட்டி மோட்டார் வண்டியில் மீன்காரர் வந்தார். எழுபது வயதிருக்கும், பொழியூர்க்காரர். மனைவியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தவர் திண்ணையில் நின்ற சைக்கிளைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். மெல்ல வந்து, குனிந்து, மட்கார்டின் அடியில் கைவிட்டுத் தடவினார்.

"இது நம்ம வண்டியாக்கும் மக்களே."

"எப்பிடித் தெரியும்?"

"இந்த ஒட்டு நான் போட்டதுல்லா? குட்டிக்கூரா பவுடர் டப்பா."

மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மீன்காரருடைய மாமனார் கொழும்பில் வேலை பார்த்துத் திரும்பும்போது கொண்டு வந்த வண்டியாம். கல்யாணத்தின்போது இவர் கைக்கு வந்திருக்கிறது. முப்பது வருஷம் சவுட்டியிருக்கிறார். எம்.எய்ட்டி வந்த பிறகு மூலையில் கிடந்ததை மகன் 150 ரூபாய்க்கு ஆக்ரிக்குப் போட்டானாம். "மக்கள் எவ்வளவுக்கு எடுத்திய?" என்று கேட்டார். "ஏதோ, அந்த விலைதான்" என்றேன். பல்சக்கரத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இதுல கொக்கு உண்டும்னு எனக்குத் தெரியாதே."

பிறகு, ஒரு ரவுண்டு போய்விட்டு வரட்டுமா என்றார். கேரியரைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட்ட விதத்தில் எழுபது வயது தெரியவில்லை.

ஒரு மணி நேரமாயிற்று. ஆள் வரவில்லை. வாசலில் எம்.எய்ட்டியும் மீன்பெட்டியும் நின்றன. பூனைகளுக்குச் செய்தி போய்விட்டது. நான் குடையோடு காவல் நின்றேன். அவருடைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எங்களிடமே விலை கேட்டார்கள். முதல் இரண்டு பேருக்கு அவர் இல்லை என்று சொன்னாள் மனைவி. மூன்றாவது ஆளுக்கு அவளே எடுத்துப் போட்டாள். அவர் திரும்பி வந்தபோது கல்லாவில் 640 ரூபாய் சேர்ந்திருந்தது.

கடற்கரை வரைக்கும் போயிருக்கிறார். கரைமடி இழுத்துக்கொண்டிருந்தார்களாம். மடி ஏறியதும் கை சும்மா இருக்குமா? எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். ஹேண்டில்பாரில் ஒரு பிளாஸ்டிக் பை, நிறையச் சாளை. பையிலிருந்து சொட்டிய தண்ணீர் என் மூன்று கோட்டுப் பெயின்டில் கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது. பை ஆடி ஆடி நின்ற இடம் முன்பக்கத் தகட்டுக்கு நேர் எதிரே. கொக்கின் அலகுக்கும் சாளைக்கும் நாலு விரற்கடை தூரம்.

"வீட்டுக்கு வச்சுக்கிடுங்க. காசு வேண்டாம்" என்று பையைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "புளிஞ்சிக்கா ஏதாவது மிச்சம் வச்சிருக்கியளா?"