பாறைப்பொடிக்கு எம்-சாண்ட் என்று பேர் வைத்தால்…

கேள்வி (தக்கலை வாசகர்): அண்ணாச்சி, மாடி வார்ப்புக்கு எம்-சாண்ட் போதும் என்கிறார் இன்ஜினியர். "ஆத்து மணல் இல்லாம நான் சட்டியத் தொட மாட்டேன்" என்கிறார் மேஸ்திரி. யார் பேச்சைக் கேட்க?

பதில்: இன்ஜினியர் பேச்சைக் கேளுங்கள். ஆனால் மேஸ்திரிக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, அவர் எங்கே சூடுபட்டார் என்று விசாரித்துவிடுங்கள். எம்-சாண்ட் என்ற பேரில் அவருக்கு வந்து இறங்கியது அனேகமாக வெறும் பாறைப்பொடியாக இருந்திருக்கும். ஜல்லி உடைக்கும்போது கீழே மிஞ்சுகிற தூசிதான் பாறைப்பொடி. அதில் தட்டைத் தட்டையான சில்லுகள் இருக்கும், மாவு மிகுதியாக இருக்கும், பருமனுக்கு ஒரு ஒழுங்கும் இராது. எம்-சாண்ட் மணலாகவே வேண்டும் என்று செய்யப்படுவது. முதலில் பெரிய கல்லை உடைப்பார்கள், பிறகு சிறிதாக்குவார்கள். கடைசியாக வேகமாகச் சுழலும் ஒரு இயந்திரத்துக்குள் கல்லைக் கல்லோடு மோதவிட்டு, கூர்முனைகளை மழுங்கடித்து, சலித்து, கழுவி எடுப்பார்கள்.

புட்டுக்கு மாவு இடித்த வீட்டில் இதை விளக்க வேண்டியதே இல்லை. மாவு தரிதரியாக இருந்தால்தான் புட்டு நிற்கும், நைசாகிவிட்டால் களிதான். மணலிலும் 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் விழுவதிலிருந்து 0.15 மில்லிமீட்டர் வரை பெரிதும் சிறிதுமாக எல்லாப் பருமனும் கலந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால், நல்ல எம்-சாண்ட் போட்ட கான்கிரீட் ஆற்று மணல் கான்கிரீட்டுக்கு வலுவில் குறையாது. முரட்டு முகம் கொண்ட மணி சிமென்டை இறுகப் பிடிப்பதால் சில சமயம் அதைத் தாண்டியும் போகும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 383, 2016 திருத்தத்தில் இதற்கு முறையாக இடம் கொடுத்துவிட்டது.

கேள்வி (மார்த்தாண்டம் வாசகர்): டெம்போவில் வந்து இறங்கியது எம்-சாண்டா, பாறைப்பொடியா? எப்படிக் கண்டுபிடிக்க?

பதில்: டெம்போ கொட்டிவிட்டுப் போன பிறகு கண்டுபிடித்து என்ன செய்ய? கொட்டும் முன்பே ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, உதறிப் பாருங்கள். கை முழுக்க வெள்ளை மாவு அப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். விரலில் தட்டைச் சில்லுகள் குத்தினாலும் அப்படியே.

கண்ணாடி பாட்டிலில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, மேலே படியும் வண்டலை அளக்கிற பழைய சோதனை ஆற்று மணலுக்குச் சரி. எம்-சாண்டுக்கு அதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஆற்று மணலில் 75 மைக்ரானுக்கும் சிறிய தூளை 3 சதவீதத்துக்கு மேல் அனுமதிக்காத அதே ஐ.எஸ். 383, உடைத்த கல்மணலில் 15 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கிறது. காரணம், ஆற்றுத் தூளில் களிமண் இருக்கும், கல்மணலில் இருப்பது கல்லின் தூள். கல்தூள் அளவோடு இருந்தால் இடுக்குகளை அடைத்து உதவும், களிமண் சிமென்டை மணலில் ஒட்டவிடாது.

ஆகவே ஆலையின் சல்லடைச் சோதனை அறிக்கையையும், பொதுப்பணித்துறை கொடுத்த சான்றையும் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிற கடையில் வாங்காதீர்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு சாக்கு மணலைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். நாகர்கோவிலைச் சுற்றி இன்ஜினியரிங் கல்லூரிக்கா பஞ்சம்?

கேள்வி (இரணியல் வாசகர்): எம்-சாண்ட் கலவை முரடாக இருக்கிறது, தண்ணீர் கூட்டினால்தான் இளகுகிறது என்கிறார்கள். கூட்டலாமா?

பதில்: கூடவே கூடாது! எம்-சாண்ட் வீடுகளில் வருகிற விரிசலில் பெரும்பங்கு இந்த ஒரு குடம் தண்ணீரால் வருவது, பழி மட்டும் மணலுக்கு. ஆற்று மணல் உருண்டு உருண்டு தேய்ந்தது, அதனால் கலவையில் வழுக்கிக்கொண்டு ஓடும். கல்மணலின் மணி மூலை உள்ளது, அதனால் உரசும். உரசலைக் குறைக்கத் தண்ணீரை ஊற்றினால், அது பிற்பாடு வற்றிப்போன இடமெல்லாம் நுண்துளையாகி வலு இறங்கும். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தால், மணலில் ஏற்கெனவே உள்ள ஈரமும் அந்தக் கணக்கில்தான் சேரும். கழுவி வந்த எம்-சாண்ட் நனைந்தே வருவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இளக்கம் வேண்டுமென்றால் அதற்கென்றே விற்கிற ரசாயனக் கலவையைச் சொன்ன அளவில் சேருங்கள், வைப்ரேட்டர் போடுங்கள். மிச்சம் பிடித்த தண்ணீரை வார்ப்பு முடிந்தபின் தாராளமாக மேலே கட்டி நிறுத்துங்கள். சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. எனும் பொசோலானா கலந்த சிமென்டுக்கு 10 நாள்.

கேள்வி (குளச்சல் வாசகி): வாசலிலேயே கடல் கிடக்கிறது. கடல் மணலைக் கழுவி மதில் கட்டினால் என்ன?

பதில்: உப்பு பூக்கும், தங்கச்சி. கம்பி உள்ள இடமென்றால் இன்னும் மோசம். கடல் உப்பிலுள்ள குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அந்தத் தள்ளலில் கான்கிரீட் பிளந்துவிடும். ஒரு கனமீட்டர் கம்பிக் கான்கிரீட்டில் குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான தர விதி ஐ.எஸ். 456. வாளியில் கழுவி அந்தக் கணக்கைப் பிடிக்க முடியாது. தவிர, நம் கரையில் கிடப்பது வெறும் மணலும் அல்ல. மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் உள்ள மோனசைட்டை 1909-லேயே ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுகொண்டார். அதை மதிலில் பூசி வைக்க வேண்டாம்.

கேள்வி (திருவட்டாறு வாசகர்): மாத்தூர் தொட்டிப்பாலம்போல எம்-சாண்ட் கட்டடம் நிற்குமா?

பதில்: 1966 முதல் அது நிற்கிறது என்றால், மணலோடு மேற்பார்வையும் சேர்ந்து நிற்கிறது. அந்த மேற்பார்வையை உங்கள் வீட்டுக்கும் கொடுங்கள்.

கேள்வி (பூதப்பாண்டி வாசகர்): ஆற்றைக் காப்பாற்ற மலையை உடைப்பது நியாயமா?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு மனசு கனக்கிறது. ஆற்றில் அள்ளியது போதும் என்பதில் சந்தேகமே இல்லை. படுகை தாழ்ந்தால் கரையோரக் கிணறும் தாழும், முகத்துவாரத்தில் உப்புநீர் உள்ளே ஏறும். மூன்று ஆண்டில் ஆற்று மணல் குவாரிகளை மூடி எம்-சாண்டுக்கு மாறுவோம் என்று 2017-இல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, மணல் குவாரிகளை ஆறு மாதத்தில் மூடச் சொன்னது. தூத்துக்குடியில் மலேசிய மணல் இறங்கியதும் அந்த வருடம்தான். 2023-இல் எம்-சாண்டுக்கென்று தனிக் கொள்கையே வந்தது. எல்லாம் சரி, ஆனால் மணல் எங்கிருந்து வருகிறது? மலையிலிருந்துதானே! நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் மேற்குத் தொடர்ச்சியின் வால்பகுதி. கோதையாறும் பரளியாறும் பழையாறும் அங்கேதான் பிறக்கின்றன. விழிஞ்ஞம் துறைமுகத்துக்கும் கேரளக் கட்டடங்களுக்கும் இரவெல்லாம் கல் ஏற்றிப் போகிற லாரிகளைக் களியக்காவிளைச் சாலையில் பார்த்தவர்களுக்கு என் கவலை புரியும். உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் சரளையும் தின்கிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் சொன்னது. மலை ஒருமுறை போனால் போனதுதான். ஆறு என்றால் வெள்ளத்தில் கொஞ்சம் மணலாவது கொண்டுவரும். அதனால் எம்-சாண்ட் போடுங்கள், ஆனால் மூன்று பேர் வீட்டுக்கு ஆறு படுக்கையறை போடாதீர்கள். அனுமதித்த ஆழத்துக்கு மேல் வெட்டுகிற குவாரி உங்கள் ஊரில் இருந்தால் கிராமசபையில் எழுந்து கேளுங்கள்.

கேள்வி (கொட்டாரம் வாசகர்): பழைய வீட்டை இடிக்கிறேன். அந்தக் கான்கிரீட்டை உடைத்து மணலாகப் போடலாமா?

பதில்: போடலாம், அண்ணே. எம்-25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் மணலின் பங்கில் 20 சதவீதம் வரை, கம்பி இல்லாததில் 25 சதவீதம் வரை, அஸ்திவாரத்துக்கு அடியில் போடுகிற மெலிந்த கான்கிரீட்டில் முழுக்கவே ஐ.எஸ். 383 அனுமதிக்கிறது. பூச்சும் மரத்தூளும் மண்ணும் சேராமல் பிரித்து, உடைத்து, சோதித்த பிறகுதான். முதலில் அஸ்திவாரத்து அடியில் போட்டுத் தொடங்குங்கள்.