ஒரே மதம், மூன்று சட்டம்

கேள்வி: பொது சிவில் சட்டம் வந்தால் மதச்சார்பின்மை பிழைக்குமா?
(கொழிஞ்சாம்பாறை வாசகர்)

பதில்: மதம் ஒன்றானால் சட்டமும் ஒன்று என்று யார் சொன்னது? கேரளக் கிறிஸ்தவர்களையே பாருங்கள். பாலக்காடு பழைய மலபார். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இடுக்கியின் பீருமேடோ திருவிதாங்கூர். அங்கே அன்று 1916-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிரியன் கிறிஸ்தவ மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அது! ஸ்திரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடைக்கவில்லை. வாசகரின் சித்தூர் தாலுகா கொச்சி ராஜ்யம். அங்கே இன்னொரு சட்டம் இருந்தது.

மேரி ராய் என்ற சிரியன் கிறிஸ்தவப் பெண் 1916-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். திருவிதாங்கூர் சட்டம் 1951 ஏப்ரல் 1 அன்றே காலாவதி என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, 35 ஆண்டுகளாகச் செத்த சட்டம் சொத்துப் பிரித்திருக்கிறது! சமத்துவம் பேசும் அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவுக்குள் நீதிபதிகள் நுழையவே இல்லை. பழைய சட்டம் ரத்தானதைக் காட்டியே முடித்துவிட்டார்கள். மதச்சார்பின்மைக்கு அன்று ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை.

பொது சிவில் சட்டத்துக்கு அரசு முயல வேண்டும் என்கிறது அதே சாசனத்தின் 44-ஆவது பிரிவு. ஆனால் அது வேண்டாம் என்று 2023 ஆகஸ்டில் கேரள சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அங்கே ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒன்றாகக் கை தூக்கின.