பந்திக்கு முந்து, பந்தயத்துக்கும்தான்!

கேள்வி: மகனுக்கு நாளைக் காலை எட்டரைக்கு வலயமட்டத்தில 1500 மீற்றர். சுபஹோட எழும்பி நெய்ச்சோறும் கோழியும் ஆக்கிக் குடுக்கட்டா?
– சாய்ந்தமருது உம்மா ஒருவர்

பதில்: ராத்தா, மகன் ஓடப்போறாரா, கலியாண வீட்டுக்குப் போறாரா? நெய்யும் இறைச்சியும் வயிற்றை விட்டு இறங்க நேரமெடுக்கும். கால் ஓடச் சொல்லும், வயிறு படுக்கச் சொல்லும். சுபஹு தொழுத கையோடு, ஐந்தரைக்குள் நாலைந்து இடியப்பம், தண்ணிப்பாலில் உறைப்பில்லாத சொதி, ஓர் அவித்த முட்டை. ஓட்டத்துக்கு மூன்று மணித்தியாலம் இருக்கும், சமித்துவிடும். ஏழரைக்கு ஒரு வாழைப்பழம், இடைக்கிடை இரண்டு மிடறு தண்ணீர். இடியப்பம் அவருக்கு ஒத்துவராதென்றால் பாணும் ஜாமும். எதுவானாலும் பயிற்சி நாளில் ஒருதரம் தின்று பார்த்ததாக இருக்க வேண்டும். புதுச் சாப்பாட்டுக்குப் போட்டி நாள் நல்ல நாளல்ல. நெய்ச்சோறு இரவைக்கு. தோற்று வந்தாலும் ஆக்கிக் கொடுங்கள், அதிலே குறை வைக்காதீர்கள்.

கேள்வி: 100 மீற்றர் ஓடுற மகளுக்குக் குளுக்கோஸ் எத்தனை பக்கட்?
– மருதமுனை வாப்பா

பதில்: ஒன்றும் வேண்டாம். குளுக்கோஸ் இரத்தத்தில் கலக்குமுன் ஓட்டமே முடிந்துவிடும். பதினைந்து செக்கனுக்கு வேண்டியதை முந்தின இரவுச் சோறு தசையில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும். வெறும் தூளை வாயில் கொட்டினால் நாவறட்சிதான் மிச்சம். ஆனால் காலையில் தெரிவு, பின்னேரம் இறுதி, நடுவில் அஞ்சல் ஓட்டம் என்றால் கதை வேறு. அப்போது பாண், தோடம்பழம், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாக.

கேள்வி: பச்சை முட்டை குடிச்சா காலுக்கு வலு வருமெண்டு எங்கட உம்மும்மா சொல்றா. மெய்யா?
– நிந்தவூர் மாணவன்

பதில்: 1904இல் சென் லூயிஸ் ஒலிம்பிக் மரதனில் தோமஸ் ஹிக்ஸுக்கு வழியில் பச்சை முட்டை வெள்ளைக்கருதான் கொடுத்தார்கள், கூடவே பிராந்தியும், ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சும். வென்றார், ஆனால் நிற்கவும் திராணியில்லை. அதே ஓட்டத்தில் கியூபாக்காரர் பெலிக்ஸ் கார்வஹால் வழியோரத் தோட்டத்து அப்பிளைத் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார். எழும்பி ஓடியும் நாலாம் இடம். பச்சை முட்டையை விட அவித்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும். கிருமிப் பயமும் குறைவு. உம்மும்மாவுக்கு ஸலாம் சொல்லி, அவித்துத் தரச் சொல்லும்.

கேள்வி: நோன்போட போட்டிக்கு ஓடலாமா?
– அட்டாளைச்சேனை வாசகர்

பதில்: மார்க்கத் தீர்ப்புக்கு மௌலவியிடம் போங்கள், நான் சாப்பாட்டுக்காரன். 2012 லண்டன் ஒலிம்பிக் றமழானில்தான் நடந்தது. மோ ஃபரா அந்த நோன்புகளைப் பிறகு பிடிப்பதென்று வைத்துவிட்டு ஓடினார். 10,000, 5,000 மீற்றர் இரண்டிலும் தங்கம்.

கேள்வி: மைதான வாசலில மாங்காய் அச்சாறு விக்கிறாங்க. ஓடமுந்தித் தின்னலாமா?
– கல்முனை மாணவி

பதில்: கடைசி ஓட்டம் முடியட்டும். இப்போதே வாங்கத்தான் வேண்டுமென்றால், பக்கத்துத் தடத்தில் ஓடுகிறவருக்கு வாங்கிக் கொடுங்கள்.