வாட் அண்ணாச்சி

வாட் அண்ணாச்சியை அடையாளம் காண்பது சுலபம். சைக்கிள் ஓட்டும்போது அவர் ரோட்டைப் பார்க்க மாட்டார். ஹேண்டில்பாரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை இருக்கும், கண் அதிலேயே இருக்கும். மம்சாபுரம் ரோட்டில் குறுக்கே போகிற ஆட்டு மந்தைதான் அவரைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். “அண்ணாச்சி, சௌக்கியமா?” என்று கேட்டால் “நூத்தி அறுபத்தஞ்சு” என்பார். அது ரத்த அழுத்தம் இல்லை. அந்த நிமிடம் அவர் கால் தருகிற வாட்.

ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருக்கிறார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் பார்ப்பார், ஸ்ரீவில்லிபுத்தூரில் பேங்கில் இருப்பார். வயது நாற்பதுக்கு மேல். “சுகர் பார்டர்ல நிக்குது, நடங்க” என்று டாக்டர் சொன்ன அன்று ஆரம்பித்தது. நடந்தார். ஆனால் நடப்பதில் வாங்குவதற்கு ஒன்றும் இல்லையே! ஒரு ஜோடி ஷூவோடு கதை முடிந்துவிடுகிறது. எனவே சைக்கிளுக்கு மாறினார். கியர் சைக்கிள், அப்புறம் ஒல்லி டயர் ரோடு சைக்கிள், பெடலில் மாட்டிக்கொள்கிற ஷூ (டீக்கடை சிமெண்டுத் தரையில் குதிரை வந்ததுபோல் சத்தம் கேட்கும்), இதயத் துடிப்பு அளக்க நெஞ்சில் கட்டுகிற பட்டை. எல்லாம் வாங்கித் தீர்ந்த பிறகு மிஞ்சியது காலின் வாட்டை அளக்கிற பவர் மீட்டர். விலைக்கு ஏறத்தாழ ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்கலாம். அதை வீட்டில் சொல்லவில்லை.

பவர் மீட்டர் வெறும் ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனி ஆடியில் மலையிறங்கி வீசுகிற மேல்காற்றில் புளியங்குடிப் பக்கம் சைக்கிள் மிதித்தவருக்குத் தெரியும்: போகும்போது மணிக்கு 18 கிலோமீட்டர், வரும்போது 34. இரண்டில் எது நம் உழைப்பு, எது காற்றின் உழைப்பு? வேகம் பொய் சொல்லும். வாட் சொல்லாது. உள்ளே ஸ்ட்ரெயின் கேஜ் என்று மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். மிதிக்கிற விசையில் உலோகம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், தகட்டின் மின்தடை மாறும். அந்த முறுக்கு விசையைச் சுழலும் வேகத்தோடு பெருக்கினால் வாட். ஜெர்மனியில் உல்ரிச் ஷோபரர் என்கிற பொறியாளர் 1986-ல் இதற்கென்றே எஸ்.ஆர்.எம். கம்பெனியைத் தொடங்கினார். இந்த வரலாற்றை அண்ணாச்சி ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் ரசத்துக்கு வந்துவிட்ட பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிக்கல் மீட்டரில் இல்லை. அதில் மாட்டுகிற பல் சக்கரத்தில்.

அண்ணாச்சி கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது ஸ்பைடர் வகை. பெடல் மாட்டியிருக்கிற கிராங்குக்கும் செயின்ரிங் என்கிற அந்தப் பல் சக்கரத்துக்கும் நடுவில் ஐந்து கை விரித்து நிற்கிற துண்டுதான் ஸ்பைடர். அளவெடுக்கிற சாமான் எல்லாம் அதற்குள். கைகளின் நுனியில் போல்ட் போட்டு ரிங்கை இறுக்க வேண்டும். போல்ட் ஓட்டைகளின் மையங்களை எல்லாம் தொட்டுப் போகிற வட்டத்தின் விட்டம் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி. பழைய ரோடு சைக்கிள்களில் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர். அதில் சின்ன ரிங்கான உள் ரிங் 38 பல்லுக்குக் கீழே போக முடியாது. ஓட்டைக்கே இடம் இருக்காது. மேகமலை, கொடைக்கானல் ஏற 34 பல் வேண்டும் என்றால் 110 மில்லிமீட்டர் வேண்டும். அண்ணாச்சி இதுவரை ஒரு மலையும் ஏறவில்லை. ஆனாலும் 110 என்பதில் உறுதியாக இருந்தார். எல்லா டீக்கடையிலும் 110 பற்றிப் பேசினார். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் சொல்லி, தீபாவளிக்கு வரும்போது 110 ரிங் இரண்டு எடுத்துவரச் செய்தார்.

பெட்டி திறந்தபோது வீடே சுற்றி நின்றது. கோடாலித் தைலம் வந்தது, சாக்லேட் வந்தது, சென்ட் பாட்டில் வந்தது. அடியில் துண்டில் சுற்றி இரண்டு பல் சக்கரம். அப்பத்தா ஒன்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்னப்பா, தேங்கா துருவவா?”

மறுநாள் காலை அது மம்சாபுரம் டீக்கடை பெஞ்சுக்கு வந்தது. அங்கே தினமும் பேப்பர் படிக்க வருகிற பெரியவர் ஒருவர் உண்டு, ராஜபாளையம் மில்லில் ரிங் ஃப்ரேம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பல் சக்கரம் அவருக்குப் புதிதல்ல. நாற்பதாம் நம்பர் நூல் ஓடுகிற மெஷினில் வேறு நம்பர் ஓட்ட வேண்டுமென்றால் சேஞ்ச் பினியனைக் கழற்றி, பல்லைக் கூட்டியோ குறைத்தோ வேறு மாட்ட வேண்டும். வாழ்நாள் முழுக்க அந்த வேலை பார்த்தவர். ரிங்கை வாங்கி மீட்டர் மேல் வைத்தார். அண்ணாச்சி 110-ன் பெருமையைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“மொதலாளி, நூத்திப்பத்து சரிதான். அங்க கை அஞ்சு. இங்க ஓட்டை நாலு.”

டீக்கடை அமைதியானது. 2012-ல் சைக்கிள் பாகக் கம்பெனியான ஷிமானோ தன் டூரா-ஏஸ் 9000 கிராங்கை நான்கு கையாக மாற்றியது. அந்த நான்கு கைக்கு நடுவே இருக்கிற இடைவெளிகளும் சமமில்லை. விட்டம் மட்டும் அதே 110. வந்திருந்தது அந்த வகை ரிங். மாதக்கணக்கில் விட்டத்தைப் படித்த மனிதர் ஓட்டையை எண்ணவில்லை.

“லேத்துல குடுத்தா அரைமணி நேரத்துல இன்னொரு ஓட்டை போட்டுருவான்,” என்றார் ஃபிட்டர், ஆறுதலாக.

அடுத்து ஐந்து ஓட்டை ரிங் வந்தது. இந்த முறை ஃபிட்டர் வீட்டிலிருந்து வெர்னியர் அளவுகோல் கொண்டுவந்தார். அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் 64.7 மில்லிமீட்டர் இருந்தால் 110; 76.4 இருந்தால் 130. 64.7 காட்டியது. டீ மாஸ்டர் உட்பட எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அண்ணாச்சி மலிவாகக் கிடைத்ததே என்று வெளி ரிங் 53, உள் ரிங் 34 வாங்கியிருந்தார். வித்தியாசம் 19 பல். செயினை ஒரு ரிங்கிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுகிற முன் டெரெய்லர் தாங்குவது 16 வரை. அதுவும் போக, பெரிய ரிங்கின் உள்பக்கம் செயின் ஏறுவதற்கென்று சின்னச் சின்னப் பின்களும் சரிவுகளும் வெட்டியிருப்பார்கள். அவை எந்த உள் ரிங்கோடு சேர வேண்டும் என்று கணக்குப் போட்டு வெட்டியவை. 50-க்கு 34, 52-க்கு 36, 53-க்கு 39. மாற்றிப் போட்டால் ஓடாது என்றில்லை, ஆலங்குளம் லோடு லாரி பின்னால் ஹாரன் அடிக்கிற நேரமாகப் பார்த்துச் செயின் கழன்று விழும்.

இடது கிராங்கில் ஒட்டுகிற மீட்டர் உண்டு, பெடலிலேயே வருகிற மீட்டர் உண்டு. அவற்றுக்கு எந்த ரிங் போட்டாலும் ஒன்றுதான், மீட்டருக்காக ஓட்டை எண்ண வேண்டாம், வெர்னியர் வேண்டாம். விவரம் தெரிந்த ஒரு பையன் இதை அண்ணாச்சியிடம் சொன்னான். “இடது கிராங்க் மீட்டர் இடது காலை மட்டும் அளந்து ரெண்டால பெருக்கும்பா. என் வலது கால் உழைப்பு யார் கணக்குல போகும்?” என்றார். சரி, பெடல்? அதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை ரிங்கும் மீட்டரும் ஒரே துண்டாக வருகிற மாடல்கள் பக்கம் திருப்பிவிட்டார். “பல்லு தேஞ்சா தாடையையே மாத்தச் சொல்றான்!” என் கணிப்பு இதுதான்: பெடல் மீட்டர் வாங்கினால் அன்றோடு பிரச்சினை தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் மனிதர் வெறுமனே சைக்கிள் மிதிக்க வேண்டியதாகிவிடும்.

ஒருவழியாக 50-34 ஜோடி மாட்டியாயிற்று. போல்ட்டை எதிரெதிராக, ஒரே இறுக்கமாக முறுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தாலும் ஸ்பைடர் வேறு மாதிரி வளைந்து கணக்குத் தப்பும். பிறகு ஜீரோ போட வேண்டும். சைக்கிளை நிறுத்தி, கிராங்கைச் செங்குத்தாக வைத்து, பெடலில் யார் காலும் படாமல் சில விநாடி. வெயில் ஏறினால் உலோகம் விரியும், மறுபடி ஜீரோ. அந்த நேரத்தில் டீக்கடையில் யாரும் பெஞ்சை நகர்த்தக்கூடாது.

“எவ்வளவு காட்டுது?” என்றார் ஃபிட்டர், அண்ணாச்சி ஒரு சுற்று போய்வந்ததும்.

“நூத்தி எழுபது வாட், அண்ணே.”

ஃபிட்டர் பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டார். ஒரு எச்.பி. 746 வாட். தோட்டத்துக் கிணற்றில் ஓடுவது ஐந்து எச்.பி. மோட்டார், 3,730 வாட். “உங்களை மாதிரி இருபத்திரண்டு மொதலாளி சேந்து மிதிச்சா ஒரு கிணறு இறைக்கலாம். கரண்டு இலவசம்ங்கிறதால உங்களைக் கூப்பிடல.”

இதுதான் உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த மாதம் அண்ணாச்சி முட்டை வடிவ ரிங் மாட்டிக்கொண்டு வந்தார். 2012-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்த பிராட்லி விக்கின்ஸும் மறு வருடம் ஜெயித்த கிறிஸ் ஃப்ரூமும் போட்டதாம். மறுநாளே 177 வாட்! கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா. விஷயம் என்னவென்றால், பல மீட்டர்கள் ஒரு சுற்று முழுக்கக் கால் ஒரே வேகத்தில் சுற்றுவதாக நினைத்துக் கணக்குப் போடும். முட்டை ரிங்கில் கால் ஓரிடத்தில் விரையும், ஓரிடத்தில் மெதுவாகும். அதனால் சில சதவீதம் கூட்டிக் காட்டும். ராஜபாளையத்திலிருந்து மம்சாபுரம் வர ஆகிற நேரம் என்னவோ மாறவில்லை.

ஃபிட்டர் பால்கோவாவைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கேட்டார். “தராசுல கைய வச்சிட்டீங்களா மொதலாளி?”

வட்ட ரிங் திரும்பி வந்தது. போல்ட், ஜீரோ, ஒரு சுற்று.

“இப்ப எவ்வளவு?”

“நூத்தி அறுபத்தெட்டு.”

“முன்ன எழுபதுல்ல? ரெண்டு வாட் எங்க போச்சு?”

விளையாட்டுக்குத்தான் கேட்டார். அண்ணாச்சி குனிந்து கிராங்க் உள்ளே போகிற இடத்தை வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

“பேரிங்கா இருக்கும்ணே. இதுல ஆக்சில் இருபத்துநாலு மில்லிமீட்டரும் இருக்கு, முப்பதும் இருக்கு. நமக்கு எதுன்னு பாக்கணும். வெர்னியரை எடுத்துட்டு வந்துருக்கீங்களா?”